கவிழ்த்துப் பார்த்த டீச்சர்

என் பாத்திரக் கடையில் டிபன் பாக்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு விலை சொல்வதற்கு முன்னால் நான் ஒரு வேலை செய்வேன். பாக்ஸில் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி, அவர்கள் கண்முன்னே தலைகீழாகக் கவிழ்த்துப் பிடிப்பேன். ஒரு சொட்டு கசிந்தாலும் அது விற்பனைக்கு இல்லை. காளப்பநாயக்கன்பட்டியில் வேறெந்தக் கடையிலும் இந்தக் கூத்து கிடையாது. "ஏனுங் பாய், இதை யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள். "ஒரு டீச்சரம்மாகிட்டங்க" என்பேன். அதற்கு மேல் கேட்டால் கடையைச் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

கடை வைப்பதற்கு முன் நான் கண்டக்டர். நாமக்கல்லிலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறிச் செம்மேடு போய்வருகிற ஒரு தனியார் பஸ். ராத்திரி மலைமேல் தங்கல், விடிந்தால் கீழே இறங்கும் முதல் வண்டி எங்களுடையதுதான். இரண்டாயிரமாவது வருடம் பிறந்து கொஞ்ச நாளில் அந்த டீச்சர் எங்கள் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கி, ஒரு கல்லூரியில் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேலே வருவார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "பேரெல்லாம் எதுக்குங்க, நடந்ததை ஒழுங்கா எழுதுனீங்களா?" என்றுதான் கேட்பார்.

முதல் முதலில் அவரோடு எனக்குச் சண்டைதான். மடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதை அது. பாதி மலையில் ஒரு வளைவில் வண்டி சாய, பின்னாலிருந்த கிழங்கு மூட்டை உருண்டுவந்து அவர் முழங்காலில் மோதியது. பெட்டியிலிருந்து பழுப்பாக ஏதோ ஒழுகி, பக்கத்து சீட்டில் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவருடைய வெள்ளை வேட்டியில் ஊறிவிட்டது. மனிதர் எழுந்து குதித்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே? டீச்சர் கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து தீப்பெட்டி அளவுள்ள ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து, கவிழ்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இந்த மூலையிலதான் உட்டுருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏனுங்கம்மா, அவரு வேட்டி போச்சு, நீங்க கண்ணாடியப் பாத்துட்டு இருக்கறீங்க?" என்று கத்தினேன். அப்போதுதான் அவருக்கு நாங்களெல்லாம் இருப்பது ஞாபகம் வந்தது. முகம் சிவந்துவிட்டது. அடுத்த நிமிடம் என்னிடம், "ஆருகிட்டயாச்சும் எலுமிச்சம்பழம் வாங்கிக் குடுங்களே" என்றார். எங்கள் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமே கிடையாது. வளைவில் குமட்டாமல் இருக்க ஆளுக்கொன்று கையில் வைத்து முகர்ந்துகொண்டு வருவார்கள். ஒன்றை வாங்கிப் பிழிந்து கறையில் தேய்த்தார். பழுப்பு வெளிறி, போயே போய்விட்டது. "அயோடின்தானுங்க. புளிப்பான பழச்சாறு பட்டா நிறம் போயிரும்" என்றார் சாதாரணமாக. வேட்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "பாய், அந்தம்மாகிட்டப் பாத்துப் பேசு. மந்திரம் கிந்திரம் தெரியுமாட்டமிருக்குது" என்றார்.

டிரைவர் அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மீசை, பெரிய குரல், குழந்தை மனசு. ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடாமல் சாவி போட மாட்டார்.

அதன்பிறகு டீச்சருக்கு அண்ணன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடம் என்று ஆகிவிட்டது. அங்கே உட்கார்ந்து எங்களுக்கு அந்தச் சில்லைப் பற்றிச் சொல்லுவார். இரண்டு கண்ணாடி. ஒன்றின் மேல் வெள்ளைப் பசை பூசி, அதில் கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றியிருக்கும். வெயிலைப் பிடிப்பது அந்தச் சாயம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே அயோடின் கலந்த ஒரு திரவம். "சாயம் கரண்டை வெளிய அனுப்பிட்டு வெறுங்கையா நிக்குமுங்க. போன கரண்டு சுத்திக்கிட்டு அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கு வரும். அங்கிருந்து வாங்கியாந்து சாயத்துகிட்டச் சேக்கறது நடுவுல இருக்கறதுதான். நம்ம பஸ்ஸாட்ட, போய்ட்டுப் போய்ட்டு வரோணும். அது ஒழுகிட்டா எல்லாம் போச்சு." மேகம் மூடினாலும் பனி இறங்கினாலும் இந்தச் சில்லு அவ்வளவு சோர்ந்துபோகாதாம். அதனால்தான் பனிமூட்டமுள்ள எங்கள் மலையில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டார். ஒழுகாமல் இருக்க அந்தத் திரவத்தைக் கூழாக்க வேண்டும். அவர் ஆராய்ச்சி முழுக்க அந்தக் கூழ்தான்.

அண்ணனுக்கு இதில் வேறொரு கணக்கு. "இதை வெச்சு பஸ்ஸ ஓட்ட முடியுங்களா டீச்சர்?" என்றார் ஒருநாள். "இதுல முடியாதுங்ண்ணா. அதுக்கு எரிபொருள் செல்லுன்னு ஒண்ணு இருக்குது. ஒருபக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காத்து. நடுவுல அதுக்கும் கூழாட்டம் ஒரு சவ்வு வேணும். புகையே வராது, தண்ணிதான் வரும்." அண்ணன் பிரேக்கைப் போடாத குறை. "அப்பப் பின்னால ஒரு குடத்தைக் கட்டிக்கலாம். செம்மேடு போறதுக்குள்ள ரொம்பிரும்!" சிரித்துச் சிரித்து டீச்சருக்குப் புரை ஏறிவிட்டது.

இப்படி ஒழுகலோடேயே வாழ்ந்து, எதைக் கண்டாலும் கவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. என் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்ப்பார். மிளகு விற்கப் போகிற பெண்கள் கொண்டுவரும் தூக்குப்போசியைக் கவிழ்ப்பார். ஒரு தடவை தயிர். சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பாயசத்தையும் வாசலிலேயே கவிழ்த்துப் பார்த்ததாகவும், மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் போய்விட்டதாகவும் பஸ்ஸில் ஒரு பேச்சு. கேட்டேன். "மூடி சரியில்லீங்க பாய்" என்றார்.

முதலில் அவர் கூழ் செய்தது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில். மலையெல்லாம் அதுதான் விளைகிறது, அதிலேயே செய்தால் எவ்வளவு அழகு என்று ஆசை. கிழங்கு மாவில் அயோடின் பட்டால் என்ன ஆகும் என்று அவரே பிள்ளைகளுக்கு வருடா வருடம் செய்து காட்டுவார். அதேதான் ஆனது. கரிய நீலம், மை மாதிரி. "எட்டாவது படிக்கறது கூடச் சொல்லீருமுங்க. ஆசை கண்ணை மறைச்சிருச்சு" என்று சில்லை எங்களிடம் காட்டி அவரே கேலி செய்துகொண்டார்.

அந்த வருடம் நோன்பு மாதம். சாயங்கால வண்டி மலை இறங்கும்போது நோன்பு திறக்கிற நேரமாகிவிடும். வீட்டில் கடல்பாசி காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டு டப்பாவில் கொடுத்து அனுப்புவார்கள். நோன்பு திறந்துவிட்டு டீச்சரிடம் டப்பாவை நீட்டினேன். வழக்கம்போலக் கவிழ்த்தார். மூடியைத் திறந்தே கவிழ்த்தார்! நான் பதறிக் கையை நீட்டினேன். ஒன்றும் விழவில்லை. ரோஸ் கலர் பாசி டப்பாவோடு ஒட்டிக்கொண்டு தலைகீழாக நின்றது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அட, அகர்! கடல்பாசிக்கு எங்க படிப்புல அதானுங்க பேரு. காலேஜுல பக்கத்துத் தாவரவியல்காரங்க அலமாரியில டப்பா டப்பாவா இருக்குதுங்க பாய். வாராவாரம் அதைத் தாண்டித்தான் போறேன்" என்றார். அப்புறம் நிதானமாக நாலு துண்டு தின்றார். எனக்கு இரண்டுதான் மிஞ்சியது.

கடல்பாசியோடு கிளிசரினும் அயோடின் உப்பும் சேர்த்து அவர் செய்த கூழுக்கு எங்கள் பஸ்ஸில் "டீச்சர் பாசி" என்று பெயர் ஆகிவிட்டது. மாசி மாதம் மூன்று சில்லுகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு சின்ன டிஜிட்டல் கடிகாரத்தோடு கொண்டுவந்தார். அதில் பேட்டரி கிடையாது. அண்ணனுக்கு எதிரே, சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடியோரம் ஒட்டிவைத்தார். "இந்த ஆட்டமும் வெயிலும் பனியும் எந்த ஆராய்ச்சிக்கூடத்துலயும் கிடைக்காதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "வர்ற தை மாசத்தோட என்னோட கெடு முடியுதுங்க. அதுவரைக்கும் இந்தப் பாசி ஒழுகாம, காயாம, நிக்காம ஓடோணும். ஓடலீன்னா பட்டம் இல்லீங்க. மேலயும் கீழயும் போய்வந்ததுதான் மிச்சம்."

அந்தக் கடிகாரம் மாதிரி ஒரு கடிகாரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இருட்டினால் அணைந்துவிடும். விடிந்து முதல் வெளிச்சம் பட்டதும் பன்னிரண்டு மணி என்று தொடங்கும். ஊரெல்லாம் காலை ஒன்பது என்றால் அது மூன்று என்று சொல்லும். "கண்டக்டரே, உங்க மணிக்கு நாங்க இன்னும் எந்திரிக்கவே இல்லை" என்று கல்லூரிப் பையன்கள் உயிரை வாங்கினார்கள். மலைக்காரர்கள்தான் அதைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். வாசலூர்பட்டியிலிருந்து வரும் ஒரு பெரியவர் ஏறியதும் எட்டிப் பார்த்து, "விடிஞ்சு மூணு மணி நேரமாச்சு" என்பார். பனி இறங்கி எதிரே பாதையே தெரியாத நாட்களிலும் அது நிற்கவில்லை. அண்ணன் பாதையை ஒரு கண்ணாலும் கடிகாரத்தை ஒரு கண்ணாலும் பார்த்து ஓட்டினார். காலையில் பன்னிரண்டு வந்ததும், "டீச்சருக்கு இன்னைக்குப் பொழுது நல்லபடியா விடிஞ்சிருச்சு பாய்" என்பார். சித்திரை வெயில் தாண்டியது. ஆடிக்காற்று தாண்டியது. ஐப்பசி மழைகூடத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, அண்ணன் அமர்க்களப்படுத்திவிட்டார். ஸ்டியரிங், கியர், டூல்ஸ் பெட்டி, ஜாக்கி, என் விசில், என் டிக்கெட் பை, ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும். பிறகு பெரிய கட்டியாகக் கற்பூரம் ஏற்றி எல்லாவற்றுக்கும் காட்டினார். மறுநாள் விடிந்தது. கடிகாரத்தில் பன்னிரண்டு வரவில்லை. வெயில் நன்றாக ஏறியும் வரவில்லை.

அண்ணன் இடிந்துபோனார். "கற்பூரத்தைக் கிட்டக் காட்டிட்டேன் பாய். சூடு பட்டுப் பாசி காஞ்சிருச்சு. அந்தப் புள்ளையோட பட்டத்துல நானே நெருப்ப வெச்சுட்டேன்." அன்று முழுக்க அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நான் டிக்கெட் பையோடு ஏறினால், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒரே மணி. கேட்டால், வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்துப் பின்னால் ஒரு பட்டன் பேட்டரியை வைத்து வாங்கியிருக்கிறார். "தை மாசம் வரைக்கும்தான பாய்? வாயத் தொறந்தீன்னா பாத்துக்க." எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அந்தப் பெரிய மீசைக்கு மேல் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் செம்மேட்டில் டீச்சர் ஏறினார். வழக்கம்போல முன்னால் போய்க் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கடிகாரம் பத்தே முக்கால் என்று காட்டியிருக்க வேண்டும். அது நாலு ஐம்பது என்று காட்டியது. உண்மையான மணியும் அதுதான்.

"சரியான மணி காட்டுதே" என்றார். ஒரு வீட்டில் சாவு விழுந்ததைச் சொல்கிற குரல் அது. அண்ணன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கடிகாரத்தை எடுத்தார். கவிழ்த்தார். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பின்னாலிருந்த பேட்டரியை நெம்பி எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாந்தானுங்க டீச்சர். பூஜைக்குக் கற்பூரம் காட்டுனேன். பாசி காஞ்சிருச்சு. உங்க மொகத்துல எப்படி முழிப்பேன்னு..." என்று அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

டீச்சர் சில்லுகளைப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். விரலால் ஓரங்களைத் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அண்ணா, இந்தப் பொட்டு?"

அப்போதுதான் நான் பார்த்தேன். மூன்று சில்லுகளின் முகத்திலும் முழு அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். பஸ்ஸெல்லாம் பொட்டாக இருந்ததில் அந்த மூன்று தனியாகக் கண்ணில் படவே இல்லை. பூஜையில் வைத்த பொட்டை எங்கள் பஸ்ஸில் யாரும் துடைக்க மாட்டார்கள். அதுவாகக் காய்ந்து உதிர வேண்டும். அண்ணன் துடைக்க மாட்டார், அவர் வைத்ததை நான் தொடுவேனா?

"நாந்தானுங்க வெச்சேன்" என்றார் அண்ணன்.

"வெயில் போற வழியிலயே பொட்டு வெச்சா அது எப்படிங்ண்ணா ஓடும்?" டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீரும் வந்தது. "நீங்க வெச்சது, நீங்களே எடுங்க. எனக்குப் பாவம் வேண்டாம்." அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, துண்டை நனைத்து, பச்சைக் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் துடைத்தார். பஸ்ஸே எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. மேகம் கவிந்த சாயங்கால வெளிச்சம்தான். முதல் சில்லு, இரண்டாவது, மூன்றாவது. பன்னிரண்டு மணி என்று வந்தது. முன் சீட்டில் இருந்த ஆத்தா ஒருத்தி, "வந்துருச்சு சாமி!" என்று கூவ, நான் விசிலை ஊதிவிட்டேன். அண்ணன் பழக்கத்தில் வண்டியை நகர்த்திவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் விஷயம் அங்கே முடிந்திருக்கும். டீச்சர் அதை ஆய்வேட்டில் எழுதிவிட்டார். பூஜைச் சந்தனம் மூடியதால் சில நாட்கள் ஓட்டம் நின்றது, அந்த நாட்களில் அவருக்குத் தெரியாமல் பேட்டரி இணைக்கப்பட்டது, எல்லாவற்றையும். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னாராம். ஓட்டம் அறுந்தது என்று பரீட்சை செய்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கெடுவும் முடிந்துவிடும், பட்டமும் போய்விடும். எனக்கும் அதே எண்ணம்தான். "யாருக்குங்க தெரியப்போகுது டீச்சர்?" என்றேன். "எனக்குத் தெரியுமேங்க பாய்" என்றார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

தை மாதம் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் பரீட்சைக்கு வந்தார். வயதானவர். பஸ்ஸை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் காரவள்ளியில் ஏறிவிட்டார். டீச்சர் எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி தப்பா இருக்கே" என்றார்.

"அது தப்பா ஓடுனாத்தானுங்க சரி!" என்று பின்னாலிருந்து மிளகு மூட்டைக்கார அம்மா சத்தம் போட்டார். உடனே ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பொட்டுக் கதையை ஒருவர் சொல்ல, பேட்டரிக் கதையை இன்னொருவர் சொல்ல, மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி எழுந்து நின்று கும்பிட்டார். "பொட்டு வெச்சது நானுங்கய்யா, பேட்டரி போட்டதும் நானுங்க. டீச்சர் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

பேராசிரியர் முன்னால் வந்து சில்லுகளைக் குனிந்து பார்த்தார். வெளியே பனி இறங்கியிருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு டீச்சரிடம், "அந்தச் சந்தனப் பக்கம் இருந்ததாலதான்மா மத்த பக்கத்தையெல்லாம் நம்பினேன்" என்றார். டீச்சர் அழுதுவிட்டார். நானும்தான், ஆனால் கண்டக்டர் அழுதால் நன்றாகவா இருக்கும், டிக்கெட் டிக்கெட் என்று பின்னால் போய்விட்டேன்.

பட்டம் வந்தது. ஒரு வருடத்தில் தூரத்து ஊர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலையும் வந்தது. அங்கே அண்ணனுடைய குடம் கட்டும் செல்லுக்குத்தான் சவ்வு செய்வதாகச் சொன்னார். கடிகாரத்தை எங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். நம்பர் எழுதிக்கொடுத்து, "நின்னா மட்டும் சொல்லுங்க" என்றார்.

அடுத்த கோடையில் ஒருநாள் விடிந்தும் பன்னிரண்டு வரவில்லை. அண்ணன் துண்டை நனைத்துச் சில்லுகளைத் துடைத்தார். வெயில் ஏறும்வரை காத்திருந்து மறுபடி துடைத்தார். பிறகு திருநீற்று டப்பாவைத் திறந்து உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தார். அதே பட்டன் பேட்டரி. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார், திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டார். நான் இறங்கிப் போன் பூத்துக்குப் போனேன்.

"டீச்சர், நின்னு போச்சுங்க."

"பொட்டு எதாச்சும்?" என்றார்.

"இல்லீங்க. அண்ணன் ரெண்டு தடவை தொடச்சுப் பாத்துட்டாரு. பேட்டரியும் போடலீங்க."

"ஒழுகியிருக்குதுங்களா பாய்?"

"காஞ்சுதான் போச்சுங்க டீச்சர். நானே கவுத்துப் பாத்துட்டேன். ஒரு சொட்டு ஒழுகலீங்க."

டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பூத்துக்காரர் மீட்டர் ஓடுகிறது என்று கையைக் காட்டினார். ஓடட்டும் என்று ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.